திரை வாங்கும் முன் புள்ளியைப் பாருங்கள்



இந்த முறை இலக்கண விளக்கமும் இல்லை, மாதிரிக் கட்டுரையும் இல்லை. கணினித் திரையைப் பற்றி எழுதப் போகிறேன். "தமிழாசிரியருக்கு எதற்கு இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். ஒற்றெழுத்தின் மேல் வைக்கிற புள்ளிதான் காரணம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாம் எல்லோரும் இயங்கலை வகுப்பு நடத்தினோம், இல்லையா? மாணவர்கள் கட்டுரையைத் தாளில் எழுதி, திறன்பேசியில் படம் பிடித்து, புலனத்தில் அனுப்புவார்கள். நான் அதை மடிக்கணினியோடு இணைத்த ஒரு பழைய திரையில் திறந்து திருத்துவேன். படிவம் ஐந்து மாணவி ஒருத்தி பென்சிலில் மெல்லிசாக எழுதுவாள். அவள் கட்டுரையில் ஒற்றுப்பிழை வந்துகொண்டே இருந்தது. 'படித்துப் பார்த்தான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'படித்துப பார்த்தான்' என்று தெரியும். நானும் சிவப்பில் வட்டமிட்டு, மதிப்பெண்ணைக் குறைத்து, "வலிமிகும் இடங்களை மறுபடி படி" என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் இப்படியே போனது.

நான்காவது வாரம் வந்த கட்டுரையில் புள்ளி ஒவ்வொன்றும் மிளகு மாதிரி பெரிதாக இருந்தது. கூடவே ஒரு செய்தி: "டீச்சர், இப்போ பெருசா வச்சிருக்கேன். இப்பயாச்சும் தெரியுதா?"

பழைய கட்டுரைகளைத் திறன்பேசியில் திறந்து பார்த்தேன். புள்ளிகள் எல்லாமே இருந்தன. அவள் முதல் வாரத்திலிருந்தே சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். என் திரைதான் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்டு மதிப்பெண்களைத் திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் திரை என்ற பொருளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்குத் தேவையானதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எல்இடி என்பது பலகத்தின் பெயர் அல்ல

கடைக்குப் போனால் முதலில் கேட்கிற சொல் 'எல்இடி மானிட்டர்'. இது பாதி உண்மைதான். நாம் வாங்கும் பெரும்பாலான திரைகள் எல்சிடி வகை, அதாவது திரவப் படிகத் திரைகள். திரவப் படிகம் தானாக ஒளி தராது. அதற்குப் பின்னால் ஒரு விளக்கு வேண்டும். அந்தப் பின்னொளி முன்பெல்லாம் மெல்லிய குழல் விளக்காக இருந்தது. இப்போது எல்இடி விளக்காக மாறிவிட்டது. ஆக, 'எல்இடி' என்ற சொல் பின்னால் இருக்கும் விளக்கைத்தான் குறிக்கிறது. முன்னால் இருக்கும் பலகம் எந்த வகை என்று அது சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டியது பலகத்தைத்தான்.

பலகம் எப்படி வேலை செய்கிறது? பழைய பள்ளிக் கட்டடங்களில் கண்ணாடிப் பட்டைகளை வரிசையாக அடுக்கிய ஜன்னல் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் திருப்பினால் பட்டைகள் சாயும். வெயில் கூடும் அல்லது குறையும். திரைக்குள்ளும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பின்னொளிக்கு முன்னால் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் ஒரு வடிகட்டித் தாள் இருக்கும். அதற்கு அடுத்து திரவப் படிகம், அதற்கும் முன்னால் இன்னொரு வடிகட்டித் தாள். மின்னழுத்தம் கொடுத்தால் படிக மூலக்கூறுகள் திரும்பும். அவை எப்படித் திரும்புகின்றன என்பதைப் பொறுத்து ஒளி வெளியே வரும் அல்லது தடைபடும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வண்ண வடிகட்டிகள் வழியாக வந்து அது நிறமாகிறது.

மூலக்கூறு எந்த நிலையில் நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்பதில்தான் டிஎன், விஏ, ஐபிஎஸ் என்ற மூன்று வகையும் வேறுபடுகின்றன. நான்காவதான ஓஎல்இடி வேறு குடும்பம்.

டிஎன்: மலிவு, வேகம், ஆனால் கோணம் போதாது

டிஎன் இவற்றில் மூத்தது. சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் இருவரும் 1970-இல் இதை உருவாக்கினார்கள். நம் கணக்கிடும் கருவியிலும் எண் காட்டும் கைக்கடிகாரத்திலும் பார்க்கும் கறுப்பு எண்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதில் மூலக்கூறுகள் சுழல்படி மாதிரி 90 பாகை முறுக்கி நிற்கின்றன. ஒளி அந்த முறுக்கோடு திரும்பி வெளியே வந்துவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்ந்து மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், ஒளி தடைபடும். செய்வதற்கு மலிவு, வேகமும் அதிகம். விளையாட்டுப் பிரியர்கள் பல ஆண்டு இதையே வாங்கியதற்கு அந்த வேகம்தான் காரணம்.

குறை எங்கே? சாம்பல் நிறம் காட்டும்போது மூலக்கூறுகள் பாதி சாய்ந்து நிற்கும். ஜன்னல் பட்டை பாதி சாய்ந்திருந்தால் மேலிருந்து பார்ப்பவருக்கும் கீழிருந்து பார்ப்பவருக்கும் ஒரே காட்சியா தெரியும்? அதே கதைதான் இங்கேயும். மேசைக் கணினிக்கு வரும் டிஎன் திரையை மேலிருந்து பார்த்தால் பொதுவாகப் படம் வெளுத்துப் போகும். கீழிருந்து பார்த்தால் கறுத்து, சில நிறங்கள் தலைகீழாகவே மாறும்.

என் வீட்டில் நடந்தது இதுதான். திரை தாழ்ந்த மேசையில் இருந்தது, நான் உயரமான நாற்காலியில் இருந்தேன். மேலிருந்து பார்த்ததால் வெளிர் சாம்பல் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. எழுத்தின் கோடு நீளமாக இருப்பதால் ஓரளவு தெரிந்தது. பென்சில் நுனியால் தொட்டு வைத்த புள்ளி தாளோடு கலந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பல டிஎன் பலகங்கள் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 64 படிநிலைகள்தான் காட்டும். மொத்தம் 2,62,144 நிறங்கள். மீதியை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி ஈடுகட்டும். முழுமையான 256 படிநிலை கொண்ட பலகம் 1,67,77,216 நிறங்கள் காட்டும்.

விஏ: கறுப்பு ஆழமாக இருக்கும்

விஏ 1990-களில் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம் வளர்த்தெடுத்த வகை. மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் பலகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அந்த நிலையில் ஒளி நன்றாகத் தடைபடும். அதனால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாகத் தெரியும். மின்னழுத்தம் கொடுக்கும்போது அவை சாய்ந்து ஒளியை விடும்.

இங்கே கான்ட்ராஸ்ட் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழில் ஒளிவேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். திரை காட்டும் வெள்ளை, அதே திரை காட்டும் கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சமானது என்பதுதான் இது. டிஎன், ஐபிஎஸ் இரண்டும் பொதுவாக 1000:1 அளவில் இருக்கும். விஏ 3000:1 அல்லது அதற்கும் மேல் போகும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

குறைகள் இரண்டு. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் நிறங்களின் அடர்த்தி மாறும். டிஎன் அளவுக்கு மோசமில்லை, ஆனால் ஐபிஎஸ் அளவுக்கு நிலையாகவும் இல்லை. அடுத்தது, இருண்ட நிறத்திலிருந்து இன்னோர் இருண்ட நிறத்துக்கு மாற விஏ நேரம் எடுக்கும். கறுப்புப் பின்னணியில் எழுத்துகளை வேகமாக நகர்த்தினால் பின்னால் புகை மாதிரி ஒரு தடம் வரும்.

ஐபிஎஸ்: எங்கிருந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்

ஐபிஎஸ் பலகத்தை 1996-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் சந்தைக்குக் கொண்டு வந்தது. இதில் மூலக்கூறுகள் எழுந்து நிற்பதில்லை. பலகத்துக்கு இணையாகப் படுத்தபடியே கடிகார முள் மாதிரி திரும்புகின்றன. படுத்தபடி திரும்புவதால் மேலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் அதிகம் மாறாது. நிறமும் நம்பத்தகுந்ததாக இருக்கும். படம், பதாகை, பாடநூல் பக்க வடிவமைப்பு செய்கிறவர்கள் இதை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

குறை என்னவென்றால், இருட்டறையில் கறுப்புப் படம் போட்டால் அது கரும் சாம்பலாகத் தெரியும். மூலைகளில் ஒரு மங்கலான பளபளப்பும் இருக்கும். பகலில், விளக்கு வெளிச்சத்தில் கட்டுரை திருத்துகிறவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் படிக்க 1000:1 தாராளமாகப் போதும்.

ஓஎல்இடி: ஒவ்வொரு பிக்சலும் ஒரு விளக்கு

ஓஎல்இடி திரையில் பின்னொளியே கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் ஒளிவிடும் கரிமச் சேர்மங்களால் ஆனது. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். கறுப்பு வேண்டுமென்றால் அந்த பிக்சல் அணைந்துவிடும். அதனால் கறுப்பு முழுக் கறுப்பு. கோணமும் நன்று, வேகமும் மிக அதிகம்.

அப்படியானால் இதையே வாங்கிவிடலாமே? விலையை விடுங்கள், இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒரே படம் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றால் அங்கே தடம் படிந்துபோகும் அபாயம் உண்டு. நாள் முழுக்க மதிப்பெண் பட்டியலைத் திறந்து வைக்கிற நமக்கு அது பொருந்தாது. மற்றொன்று, பல ஓஎல்இடி திரைகளில் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகள் வழக்கமான வரிசையில் அமைந்திருக்காது. அதனால் சிறிய எழுத்துகளின் ஓரத்தில் வண்ணக் கோடு தெரியலாம். நம் 'ணை', 'ஞ', 'ஐ' போன்ற வளைவு நிறைந்த எழுத்துகளில் இது இன்னும் கண்ணில் படும்.

பெட்டியில் உள்ள எண்களை வாசிப்பது எப்படி?

சில விற்பனைப் பக்கங்களில் பலகத்தின் வகையை எழுதவே மாட்டார்கள். கவலை வேண்டாம். இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தாலே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

1. பார்வைக் கோணம் 170/160 என்று இருந்தால் அது பெரும்பாலும் டிஎன்.
2. பார்வைக் கோணம் 178/178, ஒளிவேறுபாடு 1000:1 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் பெரும்பாலும் ஐபிஎஸ்.
3. பார்வைக் கோணம் 178/178, ஒளிவேறுபாடு 3000:1 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் விஏ.

"டிஎன் திரைக்கே 160 பாகை இருக்கிறதே, பிறகு ஏன் படம் வெளுக்கிறது?" நல்ல கேள்வி. இந்தக் கோணத்தை அளக்கும்போது வழக்கமாக ஒளிவேறுபாடு 10:1 ஆகக் குறையும் எல்லைவரை கணக்கில் எடுப்பார்கள். 10:1 என்பது ஏதோ தெரிகிறது என்ற அளவுதான். வெளிர் சாம்பல் புள்ளி அதற்கு வெகு முன்பே காணாமல் போய்விடும். எண்ணை நம்புங்கள், ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்.

'1 மில்லி வினாடி' என்று பெரிதாக அச்சிட்டிருப்பது துலங்கல் நேரம், அதாவது நிறம் மாற ஆகும் நேரம். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 16.7 மில்லி வினாடி இருக்கிறது. கட்டுரை திருத்தவும் பயிற்சித்தாள் தயாரிக்கவும் இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பலகத்துக்கு அடுத்து முக்கியமானது பிக்சல் அடர்த்தி. 24 அங்குலத் திரையில் 1920 x 1080 பிக்சல் இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் சுமார் 82-தான். திரை பெரிதானாலும் எழுத்து சொரசொரப்பாகிவிடும். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் 2560 x 1440 பாருங்கள், அது சுமார் 109. தமிழில் ஒரு புள்ளிக்குச் சிறிய எழுத்தில் ஒன்றிரண்டு பிக்சல்தான் கிடைக்கிறது. அதனால் நமக்கு இந்த எண் ஆங்கிலம் படிக்கிறவர்களைவிட முக்கியம்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

வீட்டிலேயே ஒரு வெள்ளைப் பக்கத்தில் 'க் ங் ச் ஞ் ட் ண்' என்று மிக வெளிர் சாம்பல் நிறத்தில் தட்டச்சு செய்து படமாகச் சேமியுங்கள். மெல்லிய பென்சிலில் எழுதிய ஒரு கட்டுரையின் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரலியில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க. "கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

- நேராகப் பாருங்கள். பிறகு எழுந்து நின்று பாருங்கள், குனிந்து பாருங்கள். புள்ளி எங்கே மறைகிறது?
- இரண்டு பக்கமும் நகர்ந்து பாருங்கள். தாளின் வெள்ளை மஞ்சளாகிறதா?
- கட்டுரையை மேலும் கீழும் நகர்த்துங்கள். எழுத்தின் பின்னால் தடம் வருகிறதா?
- திரையை முன்னும் பின்னும் சாய்க்க முடிகிறதா? உயர்த்த முடிகிறதா? நல்ல பலகமும் தவறான உயரத்தில் கழுத்தை வாட்டும்.
- எரியாத பிக்சல் இருந்தால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

யாருக்கு எது?

கட்டுரை திருத்துகிற ஆசிரியருக்கும், நாள் முழுக்கப் படிக்கிற மாணவருக்கும் என் பரிந்துரை 24 அங்குல ஐபிஎஸ். ஒரே திரையை இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து பார்க்கும் இடத்திலும் அதுவே நல்லது. ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்த பிள்ளைக்கும் ஒரே எழுத்து தெரிய வேண்டும், இல்லையா? இரவில் படம் பார்ப்பதும் சேர்த்து ஒரே திரை என்றால் விஏ பரவாயில்லை. ஓஎல்இடி, கையில் காசும் தேவையும் இருப்பவர்களுக்கு.

வீட்டில் டிஎன் இருக்கிறதா? உடனே தூக்கிப் போட வேண்டாம். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு வரும்வரை அடியில் பழைய பயிற்சிநூல்களை அடுக்குங்கள். பார்வை திரையில் நேராக விழும்படி சாய்வைச் சரிசெய்யுங்கள். எனக்கு அன்று செலவில்லாமல் கிடைத்த தீர்வு இதுதான். இன்னொரு பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாணவரிடம் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் வேறொரு திரையில் ஒருமுறை பாருங்கள். திறன்பேசியே போதும்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு

கருத்து விளக்கக் கட்டுரையில் இரண்டு மூன்று பொருள்களை ஒப்பிட வேண்டி வந்தால் இந்தக் கட்டுரையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முதலில் பொதுவான இயக்கத்தைச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே அளவுகோல்களால் அளந்திருக்கிறேன்: கோணம், ஒளிவேறுபாடு, வேகம். ஒன்றுக்கு விலையை மட்டும் சொல்லி மற்றதற்கு அழகை மட்டும் சொன்னால் அது ஒப்பீடு ஆகாது. நிறை சொன்னால் குறையும் சொல்லுங்கள், 'ஏன்' என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியில் 'யாருக்கு எது' என்று முடிவு கட்டுங்கள். பின்னொளி, திரவப் படிகம், பார்வைக் கோணம், ஒளிவேறுபாடு, துலங்கல் நேரம் ஆகிய ஐந்து சொற்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அறிவியல் தலைப்புகளில் கைகொடுக்கும்.

இன்னொன்று மாணவர்களே. சரியாகத்தான் எழுதினேன் என்று உறுதியாகத் தெரிந்தால் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். என் மாணவி மூன்று வாரம் கேட்காமல், தவறு தன்மேல்தான் என்று நினைத்துப் புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். முதல் வாரமே கேட்டிருந்தால் நானும் முதல் வாரமே திரையைச் சாய்த்திருப்பேன்.

அடுத்த மாதக் கட்டுரையில் அவள் புள்ளிகள் பழைய அளவுக்கே திரும்பியிருந்தன. எல்லாமே தெரிந்தன.